ஒரு தடவை மட்டும் கேட்டவள்

மேடையில் நீங்கள் சொன்னது பொய், புரொபசர். அந்த அளவீட்டில் கோட்டை விட்டது அவள் இல்லை. நீங்கள்தான்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் போன மாதம் தமிழில் அறிவியல் பேச்சு நடந்தது. நீங்கள்தான் சிறப்புப் பேச்சாளர். நான் முன்வரிசைகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பரவாயில்லை, பம்ப் பார்க்கிறவர்களை யாரும் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. "உலகத்துலயே ரொம்பச் சின்ன அசைவை அளந்துட்டோம்னு நாங்களும் ஒரு காலத்துல குதிச்சோம். அப்புறம் அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்க வேண்டியதாப் போச்சு. என்ன பண்றது, ஒரு பொண்ணு கணக்குல கோட்டை விட்டுட்டு பாதியில ஓடிட்டா" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. நான் கை தூக்கினேன். நேரமாகிவிட்டது, சாப்பாடு தயார் என்று அறிவிப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். எழுதுவது என் வேலை இல்லை. அந்த லேப்பில் வேக்குவம் பம்ப், தண்ணீர்க் குழாய், ஏர்கான் இதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அவள் போட்ட கணக்கு எனக்குப் புரியாது. அவள் எப்படிப்பட்டவள் என்பது தெரியும். அதைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

பெயரைப் போட மாட்டேன். போட்டால் அவளுக்குப் பிடிக்காது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் ஒரு தடவைதான் கேட்பாள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். லேப்பில் சேர்ந்த முதல் வாரம், நான் பம்ப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். ஒல்லியான ஆள், பெரிய கண்ணாடி, தோளில் எப்போதும் தொங்கும் துணிப்பை.

"அக்கா, பம்ப் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். இல்லாவிட்டால், நிச்சயமா, சத்தம் வருதே, எப்போ பார்த்தீங்க என்று உயிரை வாங்கியிருப்பார்கள். இவள் இரண்டையும் செய்யவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்க்கவும் இல்லை, பம்பைப் பார்க்கவும் இல்லை. நான் சாப்பிட்டு முடித்தேன். டப்பாவைக் கழுவிவிட்டு வந்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"சரி லா. பேரிங் கொஞ்சம் தேஞ்சிருக்கு. அடுத்த மாசம் மாத்தலாம்னு இருந்தேன்."

"தேங்க்ஸ் அக்கா" என்று எழுந்து போனாள்.

அவள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. நான் மீன் இல்லையே. ஆனால் பேரிங் தேய்ந்திருந்தது உண்மை. நான் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததும் உண்மை.

தேக்கா சந்தைக் கடையில் அவளோடு தேநீர் குடிக்கப் போனால் என் தொண்டைதான் வலிக்கும். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் அவளுக்கு. "தே ஓ கொசோங்" என்று ஒரு தடவை சொல்வாள். அந்தக் கூட்டத்தில், பாத்திரச் சத்தத்தில், கடைக்காரருக்கு எப்படிக் கேட்கும்? கேட்டிருக்காது. இவள் அப்படியே நிற்பாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போவார்கள். கடைசியில் நான்தான் கத்துவேன்.

"ஏம்மா, வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னேனே அக்கா."

"இன்னொரு தடவை சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவே?"

"அவருக்குக் கேட்டிருந்துச்சுன்னா? ரெண்டாவது தடவை சொன்னா ரெண்டு தே வரும்."

அவள் ஜோக் அடிக்கிறாளா என்று எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

அந்தக் கடையில்தான் நான் அவளிடம் கேட்டேன், நீங்கள் எல்லாரும் அந்த இரும்புப் பெட்டிக்குள் என்ன செய்கிறீர்கள் என்று. அத்தனை வருஷம் அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தவள் நான். உள்ளே என்ன என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

அவள் சொன்னாள். உள்ளே ஒரு சின்னச் சில்லு. அதன் நடுவில் மத்தளத் தோல் மாதிரி ஒரு சவ்வு, தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசு. அதை டிரம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்த டிரம் ஆடுகிறது. எவ்வளவு என்றால், ஓர் அணுவின் அகலம்கூட இல்லை. அதை அளக்க வேண்டும். கையால் தொட முடியாது, அதனால் லேசர் வெளிச்சத்தை அதன் மேல் பட வைத்து, திரும்பி வருகிற வெளிச்சத்தைப் பார்த்து, டிரம் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

"இதுல என்ன கஷ்டம்?" என்றேன்.

"வெளிச்சம் தண்ணி மாதிரி ஒழுகாது அக்கா. பொட்டு பொட்டா வரும். தகரக் கூரையில தூறல் விழுற மாதிரின்னு வைங்க. லேசாத் தூறினா பட், பட் பட்னு ஒழுங்கில்லாம விழும். அந்தச் சத்தத்தை வைச்சு கூரை அசையுதா இல்லையான்னு சொல்ல முடியாது."

"பெரிய மழை பெய்ய விடு."

"விட்டா சத்தம் சீராயிடும். ஆனா இப்ப மழையே கூரையை ஆட்டும்."

நான் யோசித்தேன். "அப்ப தூறலும் வேணாம், பெரிய மழையும் வேணாம். நடுவுல விடு."

"அதான். ரெண்டு தொந்தரவும் சமமா இருக்கிற ஒரு இடம் இருக்கு. அதைவிட நல்லா பார்க்க முடியாது."

"நல்ல மிஷின் வாங்கினா?"

"மிஷின்ல இருக்கிற குறையெல்லாம் எடுத்தப்புறம் மிச்சம் நிக்கிறதுதான் அக்கா அது. வெளிச்சம் பொட்டு பொட்டா வர்ற வரைக்கும் அது இருக்கும். தாண்டுறதுக்கு வழி உண்டு. ஆனா அதுக்கு வேற மாதிரி வெளிச்சம் தயார் பண்ணணும். நம்மகிட்ட அது இல்ல."

தே ஆறிப் போயிருந்தது. அவள் குடித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் ஏன் எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது. வேலையிலிருந்து வந்த பழக்கமா, இல்லை அப்படிப்பட்டவள் என்பதால் இந்த வேலைக்கு வந்தாளா, தெரியாது.

அவளுடைய அப்பா ஆங் மோ கியோ வீட்டில் அவளோடு இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் இவர் பிறந்ததே இங்கேதான். துறைமுக அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். பேச்சில் மட்டும் அவருடைய அப்பா அம்மாவின் ஊர் இருந்தது. ஒரு சனிக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனேன்.

பெரியவருக்கு நெஞ்சில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குச் சந்தேகம். வெளிநாட்டில் இருக்கிற அவள் அக்கா தினமும் போன் போட்டு, மூச்சு எப்படி, வலி இருக்கா, மாத்திரை போட்டீங்களா என்று துளைப்பாராம். "அவகிட்ட நல்லாயிருக்கேன் நல்லாயிருக்கேன்னே சொல்லிப் பழகிட்டாரு. இப்ப அது பதிலே இல்ல, ஹலோ மாதிரி" என்றாள் சமையலறையில் என்னிடம். இவள் காலையில் ஒரு தடவை "அப்பா, எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அதோடு சரி. பிறகு அவர் ஹாலில் இருந்து சமையலறைக்கு நடக்கிறதைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ரெண்டு வாரமா ஃப்ரிட்ஜ் பக்கத்துல ஒரு தடவை நிக்கிறாரு. முன்னாடி நிக்க மாட்டாரு. ஃப்ரிட்ஜைத் திறக்கிறதும் இல்ல. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் இருக்கு. அதுவரைக்கும் எத்தனை நேரம் நிக்கிறாருன்னு பார்த்துக்கிட்டு வரணும், டாக்டருக்குச் சொல்ல."

எனக்கு இதெல்லாம் பொறுக்காது. சாப்பிட உட்கார்ந்ததும் நேராகக் கேட்டுவிட்டேன். "ஐயா, நெஞ்சு வலிக்குதா? ஃப்ரிட்ஜ் பக்கத்துல ஏன் நிக்கிறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ஒண்டுமில்லை பிள்ளை. நான் நல்லாத்தான் இருக்கிறன்." ரசத்தை ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார். நிற்கவில்லை. கையை வீசிக்கொண்டு நடந்தார். திரும்பி வந்தபோது முகம் வேர்த்திருந்தது.

லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தபோது அவள் என்னோடு பேசினாள். நான் பார்த்து அவள் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க கேட்டீங்க. இப்ப அவரு நடக்கிற நடையே மாறிடுச்சு. இனிமே அவரு எனக்காக நடப்பாரு. எனக்கு இனி எதுவும் தெரியாது அக்கா."

"தெரியாட்டி என்ன? நாளைக்கே கூட்டிட்டுப் போ. காத்துக்கிட்டு இருப்பியா?"

லிஃப்ட் வந்தது. ஏறிவிட்டேன். நான் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மறுநாளே கூட்டிக்கொண்டு போனாள். ரத்தக்குழாயில் அடைப்பு. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முடிந்த பிறகு என்னிடம் சொன்னாள், எத்தனை நேரம் நிற்கிறார் என்று டாக்டர் கேட்டதற்கு அவள் "சரியாத் தெரியாது" என்றுதான் பதில் சொல்ல முடிந்ததாம். அதுதான் அவளுக்கு வருத்தம். அப்பா பிழைத்ததில் சந்தோஷம் இருந்தது, இருந்தாலும் அந்த வருத்தமும் அப்படியே இருந்தது. இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, புரொபசர், இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நானும் வருவேன். பம்ப், குளிர்விக்கும் தண்ணீர் நிலவரம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு நீங்கள் திரையில் ஒரு கோட்டைப் போட்டுக் காட்டினீர்கள். டிரம்மின் ஆட்டத்தை அளந்து, அந்த அளவை வைத்தே அதை எதிர்ப்பக்கம் தள்ளி அடக்குகிற வேலை அது. அளவு திரும்பிப் போய் டிரம்மைத் தள்ளும், தள்ளின பிறகு மறுபடி அளவு, மறுபடி தள்ளு. இந்தச் சுற்றை லூப் என்பார்கள். அப்படி அடக்கி அடக்கி, திரையில் அந்தக் கோடு, அதற்குக் கீழே போகவே முடியாது என்று அவள் எனக்குத் தேக்காவில் சொன்னாளே, அந்த எல்லைக்குக் கீழே போய்விட்டது. சாதாரண வெளிச்சத்தில். எல்லாரும் கை தட்டினார்கள். பிரியாணி வரவழைக்கச் சொன்னீர்கள்.

அவள் கை தூக்கினாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். ரொம்பச் சின்ன வாக்கியம், எனக்கே புரிந்தது. தள்ளுவதற்கு எந்த டிடெக்டரை, அதாவது திரும்பி வரும் வெளிச்சத்தைப் பிடிக்கிற கருவியை, பயன்படுத்துகிறோமோ, அதே டிடெக்டர்தான் ஆட்டம் குறைந்துவிட்டது என்றும் சொல்கிறது. லூப்புக்கு வெளியே இன்னொரு கதிரும் இன்னொரு டிடெக்டரும் வைத்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சிரித்துக்கொண்டு தமிழில் சொன்னீர்கள். "பார்க்கலாம்மா, பார்க்கலாம். முதல்ல சாப்பிடு."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்து அவளைப் பிடித்து நிறுத்தினேன். என்ன சொன்னாய், விளக்கமாகச் சொல் என்றேன். அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் எனக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க காதுல எப்பவும் ஒரு ரீங்காரம் இருக்குன்னு வைங்க அக்கா. உங்களுக்கே தெரியாது. வீட்டுல ஏதாவது சத்தம் கேட்டா, அதுக்குச் சரியான எதிர்ச் சத்தம் போட்டு அடக்கணும், அதான் உங்க வேலை. என்ன பண்ணுவீங்க? காதுல கேக்கிற ரீங்காரமும் வீட்டுல இருந்துதான் வருதுன்னு நினைச்சு, அதுக்கும் சேர்த்து எதிர்ச் சத்தம் போடுவீங்க. உங்க காதுக்கு ரெண்டும் கழிஞ்சிடும். ஆகா என்ன அமைதின்னு உட்கார்ந்திருப்பீங்க. ஆனா வீட்டுல இல்லாத சத்தத்தை நீங்களே இப்ப உண்டாக்கிட்டு இருக்கீங்க."

"யாருக்குக் கேக்கும் அது?"

"பக்கத்து வீட்டுக்காரிக்கு."

அன்றிலிருந்து எங்கள் இருவருக்குள் அந்த இரண்டாவது டிடெக்டருக்குப் பெயர் பக்கத்து வீட்டுக்காரி.

"டிரம் அடங்கலன்னு சொல்றியா?"

"அடங்கியிருக்கு. ஆனா திரையில தெரியிற அளவுக்கு இல்ல. எவ்வளவுன்னு அந்த டிடெக்டரால சொல்ல முடியாது. அதோட சொந்தக் குறையையே அது டிரம் மேல எழுதிட்டு இருக்கு. எழுதிட்டு, ஒண்ணுமே இல்லைன்னு படிக்குது."

"அப்ப போய் மறுபடி சொல்லு. சத்தமாச் சொல்லு."

"அவருக்குக் கேட்டுச்சு அக்கா. அவருக்கு இது தெரியாத விஷயம் இல்ல. எனக்கே அவருதான் பாடம் எடுத்தாரு."

"அப்ப ஏன் செய்ய மாட்டேங்கிறாரு?"

"தெரியாது. நான் இன்னும் அழுத்தினா அவரு என்னைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சிடுவாரு. டிரம்மைப் பத்தி யோசிக்க மாட்டாரு."

இதைக் கேட்டு நான் அவளை அன்றைக்குத் திட்டினேன். இது மனுஷங்க சமாச்சாரம்மா, லேசர் இல்லை, உரக்கக் கேட்டால்தான் இங்கே நடக்கும் என்று சொன்னேன். அவள் பையைத் தோளில் சரி செய்துகொண்டாள். அவ்வளவுதான்.

நீங்கள் மேடையில் சொல்லாததை இப்போது நான் சொல்கிறேன். இரண்டாவது கதிரை உள்ளே விட சேம்பரில், அதாவது அந்த இரும்புப் பெட்டியில், இன்னொரு ஜன்னல் வேண்டும். இருந்த ஜன்னலில் இடம் இல்லை. அவள் என்னிடம் வந்து, ஒரு கண்ணாடி ஜன்னல் பொருத்த முடியுமா என்று கேட்டாள். ஒரு தடவைதான். முடியும் என்றேன். கண்ணாடியை நானே துடைத்தேன். சூடேற்றி ஈரம் போக்கி, அலுமினியத் தாளில் சுற்றி மேசை மேல் தயாராக வைத்தேன். பம்பை நிறுத்தி, சேம்பரைத் திறந்து, மூடித்தகட்டைக் கழற்றி ஜன்னலை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. திறந்தால் மறுபடி காற்றை எடுத்து முடிக்க வாரக்கணக்காகும். அதனால் உங்களிடம் அனுமதி கேட்க உங்கள் அறைக்கு வந்தேன். உங்களுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினீர்கள்.

"சார், ஜன்னல் ரெடி. வெள்ளிக்கிழமை திறக்கட்டுமா?"

"எந்த ஜன்னல்?"

"ரெண்டாவது டிடெக்டருக்கு. அவ கேட்ட ஜன்னல்."

"வேணாம் வேணாம். சேம்பரைத் தொடாதீங்க. பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்க, அந்த நேரத்துல டிரம் ஓடிக்கிட்டு இருக்கணும். அதெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

பார்க்க வந்தார்கள். டிரம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுரை பத்திரிகைக்குப் போனது. ஜன்னல் தாளைப் பிரிக்காமலே மேசையில் கிடந்தது. பிறகு யாரோ அதை அலமாரிக்குள் தள்ளிவிட்டார்கள்.

கட்டுரை போகிற வாரத்தில் அவள் தன் பெயரை எடுக்கச் சொன்னாள். அதையும் ஒரு தடவைதான் சொல்லியிருப்பாள். அந்தத் தடவை உங்களுக்கு உடனே காது கேட்டுவிட்டது. எடுத்துவிட்டீர்கள். அதன் பிறகு அவளுடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவள் ஒத்துழைக்காத ஆள் என்று லேப்பில் ஒரு பேச்சு கிளம்பியது, யார் கிளப்பியது என்று எனக்குத் தெரியாது, சொல்ல மாட்டேன். தெரிந்ததை மட்டும்தான் சொல்வேன் என்று வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், படிக்கிற உங்கள் எல்லாரையும்தான் கேட்கிறேன். கணக்கில் கோட்டை விட்ட ஒருத்தி, உலகமே பேசப்போகிற கட்டுரையில் இருந்து தன் பெயரை எடுக்கச் சொல்வாளா? கோட்டை விட்டவளுக்குத் தான் விட்டது தெரியாது. அவள் ஒட்டிக்கொண்டுதான் இருப்பாள். தெரிந்தவள்தான் பெயரை எடுப்பாள். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

எனக்கு அவள் மேலும் கோபம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். கடைசி நாளில் துணிப்பையில் ஒரு குவளையும் ஒரு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு நின்றாள். "இப்படியே போறியா? பெரிய இடத்துல போய் சொல்லு. மேனேஜ்மென்ட்டுக்கு எழுது. நான் வர்றேன் உன்கூட" என்றேன்.

"எழுதினா ஒரு கமிட்டி போடுவாங்க அக்கா. அதுல அவரும் இருப்பாரு."

"இருக்கட்டுமே."

"அப்ப அதுவும் லூப்புக்குள்ள இருக்கிற டிடெக்டர்தான்."

எனக்குக் களைப்பாக இருந்தது. இத்தனை தெரிந்தவளுக்கு மேசையில் ஒரு தட்டு தட்டத் தெரியவில்லையே என்று இருந்தது. பம்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

பிறகு ஆங் மோ கியோவிலேயே, வீட்டுக்குப் பக்கத்தில், காது கேட்கும் கருவிகளுக்கான மைக்குகளைச் சோதிக்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். வேறு ஒரு நாட்டில் வேறு ஒரு குழு உங்கள் டிரம்மை மாதிரியே செய்து, லூப்புக்கு வெளியே டிடெக்டர் வைத்து அளந்து, ஆட்டம் நீங்கள் சொன்னதைவிட அதிகம், எல்லைக்கு மேலேதான் என்று சொன்னபோது, நான் அவளைத் தேக்காவுக்கு வரச் சொன்னேன். நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு போனேன். தே ஓ கொசோங்கை நானே கத்தி வாங்கி வைத்துவிட்டேன். சொன்னேன்.

"எவ்வளவு இருந்துச்சாம்?" என்றாள்.

"என்ன எவ்வளவு?"

"எல்லைக்கு மேல எவ்வளவு?"

"எனக்கென்ன தெரியும்? நீ சொன்னது சரின்னு ஆயிடுச்சு. கட்டுரையை அவங்களே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. உனக்குச் சந்தோஷமா இல்லையா?"

அவள் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. தொழிற்சாலையில் நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை, கண் கூடச் சோர்ந்து போயிருந்தது.

"நான் சரின்னு ஆகல அக்கா. நான் எதையும் அளக்கலையே. அளக்கணும்னுதான் சொன்னேன். அளந்திருந்தா நான் தப்பாக்கூட இருந்திருப்பேன்." கொஞ்சம் குடித்தாள். "டிரம்தான் பாவம். அது ஒழுங்காத்தான் ஆடிக்கிட்டு இருந்துச்சு."

அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு அக்கா இருக்கிற நாட்டுக்குப் போய்விட்டாள். போன் எண் மாறிவிட்டது. ஆங் மோ கியோ வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், கதவைத் திறந்த பெண்ணுக்கு இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

அவளுக்கு நீங்கள் மண்டபத்தில் சொன்னது தெரியாது. தெரிந்தாலும் வரமாட்டாள். வந்தாலும் ஒரு தடவைதான் சொல்வாள், நீங்கள் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும், ஸ்கூல் பிள்ளைகள் உட்பட, ஒரு பொண்ணு கோட்டை விட்டுவிட்டாள் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் எத்தனை பெண்கள் பௌதிகம் படிக்க நினைத்திருந்தார்களோ. அவளுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை. நீங்கள் சொன்ன அந்த ஒரு வரிதான் இப்போது அவள். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

எனக்கும் வயதாகிவிட்டது. முழங்கால் வலி. சண்டை போட ஆசையும் இல்லை. தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம், வர மாட்டேன். யாரையாவது அனுப்பவும் வேண்டாம். கமிட்டி எதுவும் வேண்டாம். நீங்கள் எதற்குப் பயந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அது உங்கள் பாடு.

இரண்டு கேள்விதான். கட்டுரை போவதற்கு முன்னால், திங்கட்கிழமைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், வெளியே ஒரு டிடெக்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவள் உங்களிடம் சொன்னாளா, இல்லையா? அதற்கு ஜன்னல் தயாராக இருந்தும் சேம்பரைத் திறக்க வேண்டாம் என்று என்னிடம் சொன்னது நீங்களா, இல்லையா? ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. பொய் சொன்னது மேடையில் என்பதால் பதிலும் மேடையில் வேண்டும். அதே மண்டபம், அதே மைக், சாப்பாட்டுக்கு முன்னால். நான் வந்து உட்கார்ந்திருப்பேன். சொல்லுங்கள்.